பதினேழாம் குப்பி

பவளத்திட்டில் ஏறிய கப்பல்
பன்னிரண்டு நாள் சும்மா நின்றது.
பதின்மூன்றாம் நாள் வயிறு கிழிந்தது.

அன்று மாயேபூர்க் காயலில் முகந்த தண்ணீரை
நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துத் தேடினேன்.
எண்ணெய் தின்னும் உயிர் ஒன்றும் சிக்கவில்லை.
"இல்லை" என்று எழுதினேன். அடித்தேன்.
"தென்படவில்லை" என்று எழுதினேன்.

இருந்திருக்கும்.
எந்தக் கடலிலும் சில இருக்கும்,
பாசி கசியவிடும் துளி மெழுகை நக்கிக்கொண்டு,
கல்யாணமே நடக்காத ஊரில்
பந்திக்குக் காத்திருப்பவர்களைப் போல.

ஊர் முழுக்கக் கரையில் நின்றது.
கரும்புத் தோகையை வலைத்துணியில் திணித்து
மிதவை தைத்தார்கள்.
முடிவெட்டும் கடைகள் மூட்டை மூட்டையாய்க்
கூந்தல் அனுப்பின.
என்னுடையதும் போனது, ஒரு முழம்.
பிறந்தது முதல் எண்ணெய் குடித்து வளர்ந்த முடி,
அதற்கு யாரும் வேலை சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள், ஆறாம் குப்பி.
ஒவ்வொரு எண்ணெய்ப் பொட்டின் விளிம்பிலும்
ஈ மொய்த்தாற்போல் மொய்த்திருந்தன.
தாமே ஒரு சோப்பு சுரந்து
எண்ணெயைப் பொடித்துத் தின்றன.
நீளச் சங்கிலிகள் முதலில்,
இடியாப்பம் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்.
வளையங்களுக்கு வேறொரு கூட்டம், பிறகு வரும்,
பல் போனவர் முறுக்கு தின்னும் நிதானத்தில்.
கடைசியில் மிஞ்சும் தாரை யாரும் தொடுவதில்லை.
எழுந்துபோன பந்தியின் இலையில்
கறிவேப்பிலை.

எண்ணெய் மட்டும் போதாது அவற்றுக்கு.
தழைச்சத்து வேண்டும், மணிச்சத்து வேண்டும்.
குழம்பு கடலளவு இருந்து
சோறு இல்லாத கதை.
பதினோராம் நாள் மழை பெய்தது.
கரும்புக் காட்டு யூரியா ஆற்றோடு இறங்கி வந்தது.
போன வருடம்தான் அதைத் திட்டி
நாற்பது பக்கம் அறிக்கை எழுதியிருந்தேன்.
பன்னிரண்டாம் குப்பி கூழ்போலக் கலங்கியிருந்தது.
ஒப்புக்கொள்கிறேன்,
ஆய்வகத்தில் தனியாக நின்று கைதட்டினேன்.

சாயங்காலம் ஒனோரே வந்தார்.
படகு முழுக்கக் கறுப்பு, அதனால் நடந்தே.
திரையில் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"இதுங்களுக்குச் சாப்பாடு. சரி.
எனக்கு?"

பந்தியில் உட்கார்ந்தவை மூச்சும் விட வேண்டுமே.
அடித்தண்ணீரின் காற்றையெல்லாம்
அவையே இழுத்துக்கொண்டன.
கண்டல் வேர்களில் நண்டுகள் ஏறி வந்து
நுரை தள்ளி நின்றன.
அதை நானும் பார்த்தேன், அவரோடு போய்,
பதிலொன்றும் இல்லாமல்.

கப்பல் தரப்பு வழக்கறிஞர் மரியாதையானவர்.
குளிரூட்டிய அறை, உயரமான கண்ணாடிக் கோப்பை.
"கடல் தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது,
அப்படித்தானே, மதாம் வைத்திலிங்கம்?
எத்தனை சதவீதம் என்று போடலாம்?"

என்னிடம் ஒரு எண் இருந்தது.
சரியான எண்.
அதுதான் தொண்டையில் நின்றது.
கொட்டியது யார் என்று அவை கேட்கவில்லை,
பசித்தது, தின்றன.
பசியை மன்னிப்பு என்று
எந்தப் பத்தியில் எழுதுவது?
எண்ணைச் சொன்னேன்.
நண்டுகளையும் சொன்னேன். அதை அவர் குறித்துக்கொள்ளவில்லை.

பதினேழாம் குப்பி தண்ணீர் இல்லை, சேறு.
கண்டல் காட்டில் ஒரு முழ ஆழம்.
திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம்,
அதற்குள்ளே டீசல்.
காற்று புகாத அந்த இருட்டில்
வேறு சில இருக்கின்றன, கந்தக உப்பை மூச்சாக்கி,
வருடத்துக்கு ஒரு கவளம் என்கிற கணக்கில்.
ஒனோரேயின் படகு மட்கிப் போன பிறகும்
தின்றுகொண்டிருக்கும்.

சீட்டில் எழுதினேன்: தேதி, இடம், ஆழம், என் பெயர்.
கொட்டியவர் பெயருக்கு அச்சில் கட்டம் இல்லை.
பேனாவால் ஒன்று வரைந்தேன், கோணலாக.
கப்பலின் பெயரை அதில் முழுதாக எழுதி
மூடியை இறுக்கினேன்.

பிறகு கை கழுவப் போனேன்.
இரண்டு முறை சோப்பு போட்டும்
நகக்கண்ணில் நின்றது.